கோரைக் கிழங்கும் அம்மாவின் மாத்திரையும்

வாசகர் கேள்வி:

டாக்டர், வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். இரண்டரை வருடத்துக்கு முன்பு இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து அறுவை சிகிச்சை, எட்டு கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்தது. ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள்) பாசிட்டிவ், ஹெர்-2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) நெகட்டிவ், அக்குளில் இரண்டு நெறிக்கட்டிகளில் நோய் இருந்தது என்று போட்டிருக்கிறது. இப்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையைத் தினம் ஒன்று சாப்பிடுகிறார். மூட்டு வலி அதிகம். போன மாதம் உறவினர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பினார். "கீமோ இலையைத்தான் வெட்டும், வேரை விட்டுவிடும். அந்த வேர்தான் கேன்சர் ஸ்டெம் செல். நாட்ச், விண்ட், ஹெட்ஜ்ஹாக் என்ற மூன்று வழிகளில்தான் அது உயிர் வாழ்கிறது. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் ஸ்டெம் செல் கூடிவிடும். எங்கள் கேப்சூல் மூன்று வழியையும் மூடும்" என்கிறார்கள். ஸ்டெம் செல் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்களாம். அம்மா லெட்ரோசோலை நிறுத்திவிட்டு அதை வாங்கச் சொல்கிறார். நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். தேடிப் பார்த்தால் அந்தப் பெயர்கள் எல்லாம் உண்மையான ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வருகின்றன. எதை நம்புவது? அம்மாவுக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். அம்மாவின் லெட்ரோசோலை நிறுத்த வேண்டாம். அந்தக் கேப்சூலும் வேண்டாம், அந்த ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். மூட்டு வலிக்கு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த வீடியோ முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் இரண்டு வரியில் முடிந்திருக்கும். அதில் பாதி உண்மை. என்னிடம் வருகிற குடும்பங்களை அதிகம் குழப்புவது இந்தப் பாதி உண்மைதான். நீங்கள் விலங்கியல் படித்தவர், அம்மா ஆசிரியை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

மார்பில் இயல்பாகவே ஸ்டெம் செல்கள் உண்டு. ஒரு பெண் கருவுற்றதும் பால் சுரப்பிகள் பெருகி வளர்கின்றன. குழந்தை பால் மறந்ததும் சுருங்கிவிடுகின்றன. அடுத்த குழந்தைக்கு மறுபடியும் வளர்கின்றன. இத்தனை முறை புதிதாகக் கட்டி எழுப்ப, தன்னையும் நகலெடுத்துக்கொண்டு, மற்ற வகைச் செல்களையும் உருவாக்கத் தெரிந்த தாய்ச் செல் ஒன்று வேண்டும். 2006-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஓர் ஆய்வுக்குழு, எலியின் மார்பிலிருந்து எடுத்த ஒரே ஒரு செல்லை இன்னொரு எலிக்குள் வைத்து, முழுப் பால் சுரப்பியே வளர்வதைக் காட்டியது. அதுதான் மார்பின் ஸ்டெம் செல். (தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் வங்கிகள் பேசும் ஸ்டெம் செல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் இப்படித் தாய்ச் செல்கள் இருக்குமோ என்ற சந்தேகம் முதலில் ரத்தப் புற்றுநோயில்தான் உறுதிப்பட்டது. கனடாவின் டொரண்டோவில் ஜான் டிக்கின் குழு 1990-களில் அதைக் காட்டியது. மார்பகக் கட்டியில் 2003-ல் காட்டியவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க், மேக்ஸ் விச்சா ஆகியோரின் குழுவினர். நோயாளிகளின் கட்டியிலிருந்து செல்களைப் பிரித்தார்கள். மேற்பரப்பில் சி.டி.44 என்ற புரதம் இருந்து, சி.டி.24 இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்த செல்களில் வெறும் நூறை எலிக்குள் செலுத்தினாலே புதிய கட்டி வளர்ந்தது. மற்ற வகைச் செல்களைப் பல்லாயிரக்கணக்கில் செலுத்தியும் வளரவில்லை. கட்டிக்குள் இருக்கும் எல்லாச் செல்லும் சமம் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

கீமோ இவற்றை எளிதில் தொடுவதில்லை என்பதும் உண்மைதான். பெரும்பாலான கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்லைத்தான் பிடிக்கும். ஸ்டெம் செல்களில் பல மெதுவாகப் பிரியும், சில உறங்கியே கிடக்கும். உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கும் பம்புகளும் அவற்றிடம் அதிகம். 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கீமோவுக்கு முன்பும் பின்பும் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். மொத்தச் செல்கள் குறைந்திருந்தன, மிஞ்சியவற்றில் இந்த வகைச் செல்களின் விகிதம் கூடியிருந்தது.

வேர் என்பதைவிட உங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும் உதாரணம் கோரை. வயலில் களை எடுக்கிறோம், மேலே தெரியும் கோரைப்புல் எல்லாம் போய்விடுகிறது. மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. தண்ணீர் பாய்ந்ததும் மறுபடி முளைக்கிறது. ஸ்டெம் செல் கருத்தை 2003-ல் பலரும் இப்படித்தான் புரிந்துகொண்டார்கள். கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். வீடியோக்காரர்களும் அங்கேயே நிற்கிறார்கள்.

ஆராய்ச்சி அங்கே நிற்கவில்லை. 2008-ல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகம் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டது. பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாதாரண மார்பகச் செல், பிடியை விட்டு நகரத் தொடங்கும் மாற்றத்துக்கு உட்பட்டால், அதற்கு ஸ்டெம் செல்லின் குணங்கள் வந்துவிடுகின்றன. 2011-ல் அதே ஆய்வகம் இன்னொன்றையும் காட்டியது: ஸ்டெம் செல் அல்லாதவை என்று பிரித்து வைத்த செல்களிலிருந்தே ஸ்டெம் செல்கள் தாமாகத் தோன்றின. அதாவது கோரையின் இலையே கிழங்காக மாறக்கூடும். எல்லாக் கிழங்கையும் தோண்டி எடுத்தாலும், மிஞ்சிய இலை ஒன்று மண்ணில் விழுந்து கிழங்காகிவிடலாம். எந்தச் செல் எப்போது எதுவாக இருக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது சுற்றியுள்ள செல்கள் அனுப்பும் சிக்னல்கள். அதனால் ஸ்டெம் செல் என்பதைத் தனி ஜாதிச் செல்லாக நான் பார்ப்பதில்லை. சில சிக்னல்கள் சேரும்போது ஒரு செல் அடையும் நிலை என்றே பார்க்கிறேன். அம்மாவின் மாத்திரைக்கான பதிலும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

சரி, அந்த மூன்று பெயர்களுக்கு வருவோம்.

நாட்ச் என்றால் ஆங்கிலத்தில் வெட்டுத்தடம். நூறு வருடத்துக்கு முன்பு, வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்னப் பழ ஈக்களில் சிலவற்றுக்கு இறக்கை ஓரத்தில் வெட்டுப்பட்டதுபோல் இருப்பதைப் பார்த்து வைத்த பெயர். விலங்கியல் வகுப்பில் தாமஸ் ஹன்ட் மார்கனின் பழ ஈக்களைப் படித்திருப்பீர்கள், அதே ஆய்வு மரபுதான். மனிதரில் நான்கு நாட்ச் ஏற்பிகள், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள், உண்டு. இந்த சிக்னலில் எனக்கு வியப்பளிப்பது, இது ரத்தத்தில் கரைந்து தூரத்திலிருந்து வருவதில்லை. இரண்டு செல்கள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் நடக்கும். பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் ஜாக்டு அல்லது டெல்டா என்ற வகைப் புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அது இந்தச் செல்லின் நாட்ச் ஏற்பியைப் பிடித்து இழுக்கும். இழுத்ததும் ஏற்பி வெட்டுப்படும். கடைசி வெட்டைப் போடுவது காமா-செக்ரட்டேஸ் என்ற நொதி. வெட்டுப்பட்ட உள்துண்டு நேராக செல்லின் கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கும்: முதிராதே, இப்படியே இரு, உன்னை நகலெடு. மார்பகப் புற்றுநோயின் ஸ்டெம் செல்கள் தாக்குப்பிடிக்க இந்தக் கட்டளையும் உதவுகிறது.

விண்ட் கதை மார்பகப் புற்றுநோயிலிருந்தே தொடங்கியது. எலிகளுக்கு மார்புக் கட்டியைத் தரும் ஒரு வைரஸ் உண்டு. அது எலியின் டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் போய் நுழைகிறது என்று தேடிய ரூல் நுஸ்ஸேவும் ஹெரால்ட் வார்மஸும் 1982-ல் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கெட்டுப்போனால் பழ ஈக்கு இறக்கையே முளைக்காத ஒரு மரபணுவும் அதுவும் ஒன்று என்று பிறகு தெரிந்தது. இரண்டு பெயர்களையும் இணைத்து வைத்ததுதான் விண்ட். வேலை செய்யும் விதம் இது: பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தை செல் உண்டாக்கிக்கொண்டே இருக்கும், கூடவே அழித்துக்கொண்டும் இருக்கும். விண்ட் சிக்னல் வந்தால் அழிக்கும் வேலை நின்றுவிடும். புரதம் சேர்ந்து சேர்ந்து கருவுக்குள் போய், நாட்ச் போலவே ஸ்டெம் செல் நிலையைத் தூக்கிப் பிடிக்கும்.

ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1980-ல் பழ ஈயின் புழுக்களில் கண்டு வைத்த பெயர். அந்த மரபணு கெட்டால் புழுவின் உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். 1995-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மார்பகப் புற்றுநோயில் இதன் பங்கு மற்ற இரண்டையும்விடக் குறைவாகத்தான் தெளிவாகியிருக்கிறது.

வீடியோவில் மூன்று என்றார்கள். மூன்றோடு முடிவதில்லை. காயம் பட்டால் உடம்பு அனுப்பும் ஐ.எல்-6, ஐ.எல்-8 என்ற அழற்சிச் செய்திகள் இருக்கின்றன. ஹெர்-2 இருக்கிறது. பி.ஐ.3கே என்ற பாதை இருக்கிறது. டி.ஜி.எஃப்-பீட்டா, என்.எஃப்.-கப்பா-பி என்று இன்னும் போகும். இவை தனித்தனித் தெருக்கள் அல்ல, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று திறக்கும் சந்துகள். ஒன்றை அடைத்தால் செய்தி இன்னொன்றின் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

இங்கே அம்மாவிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தப் பாதைகள் புற்றுநோய்க்கென்று உண்டானவை அல்ல. கருவில் குழந்தைக்குக் கை கால் வரைந்ததும் இவைதான். இன்றைக்கும் நம் குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதும், முடி வளர்வதும், நாக்கின் சுவை மொட்டுகள் நிலைப்பதும் இவற்றால்தான். எனவே இவற்றை உண்மையாகவே மூடும் மருந்து கொடுத்தால் உடம்பு உடனே தெரிவித்துவிடும். நாட்சின் கடைசி வெட்டைத் தடுக்கும் காமா-செக்ரட்டேஸ் மருந்துகளைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கடுமையான வயிற்றுப்போக்கு வந்தது. அதே நொதியைத் தடுக்கும் செமகசெஸ்டாட் என்ற மருந்தை அல்சைமர் நோய்க்குச் சோதித்தார்கள். நினைவாற்றல் இன்னும் மோசமாகி, தோல் புற்றுநோயும் கூடியதால் 2010-ல் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். ஹெட்ஜ்ஹாக்கைத் தடுக்கும் விஸ்மோடெகிப் 2012-ல் ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதைச் சாப்பிடுபவர்களுக்கு முடி உதிரும், நாக்கில் சுவை போகும், தசை பிடித்துக்கொள்ளும்.

மூன்று பாதைகளையும் ஒரே நேரத்தில், எந்தப் பக்கவிளைவும் இல்லாமல் மூடுகிறது என்று ஒருவர் சொன்னால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மூடியிருந்தால் குடல் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

முயற்சிகள் நடக்காமல் இல்லை. வைன்பெர்க்கோடு சேர்ந்து பணியாற்றியவர்கள் 2009-ல் சுமார் 16,000 வேதிப்பொருள்களை வடிகட்டிப் பார்த்ததில், மார்பக ஸ்டெம் செல்களை நன்றாகக் கொன்றது சலினோமைசின். அது கோழித் தீவனத்தில் கலக்கும் மருந்து. மனிதருக்கு நச்சு என்பதால் சிகிச்சைக்கு வந்து சேரவில்லை. ஐ.எல்-8 சிக்னலைத் தடுக்கும் ரெபாரிக்சின் எலிகளில் அழகாக வேலை செய்தது. நோயாளிகளிடம் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீளவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது மெட்ஃபார்மின். உங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கிற அதே சர்க்கரை மாத்திரைதான். 2009-ல் எலிகளில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது ஸ்டெம் செல்களைக் குறிவைத்து அழிப்பதாகத் தெரிந்தது. மலிவானது, பல காலம் பழகிய மருந்து. நம் ஊர் ஏழைப் பெண்களுக்கும் கிடைக்குமே என்று நானும் ஆசைப்பட்டேன். பிறகு 3,649 பெண்களைச் சேர்த்து, பாதிப்பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை என்று ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. ஆய்வகக் கிண்ணத்தில் ஸ்டெம் செல் செத்தது என்பதிலிருந்து ஒரு தாய் பத்து வருடம் கூடுதலாக வாழ்ந்தாள் என்பது வரைக்கும் உள்ள தூரம் அவ்வளவு. அந்தத் தூரத்தைக் கடக்காத எதையும் நான் நோயாளிக்கு எழுதிக் கொடுப்பதில்லை.

இனி அம்மாவின் மாத்திரை.

ஹார்மோன் மாத்திரை ஸ்டெம் செல்லைக் கூட்டும் என்று வீடியோவில் சொன்னதற்கும் ஒரு நிஜமான ஆய்வு பின்னால் இருக்கிறது. அதை மறைத்தால் நீங்கள் தேடும்போது கண்ணில் படும், என் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். 2015-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் செய்தது. நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த செல்களுக்கு டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் எதிர் மருந்துகளைக் கொஞ்ச காலம் கொடுத்துப் பார்த்தார்கள். செல்கள் பெருகுவது குறைந்தது, ஸ்டெம் செல் செயல்பாடு மட்டும் கூடியது. காரணம், ஜாக்டு-1 பிடித்து இழுக்கும் நாட்ச்-4. இதிலிருந்து அவர்கள் போன திசை, ஹார்மோன் சிகிச்சையோடு நாட்ச் தடுப்பையும் சேர்த்தால் பலன் கூடுமா என்பது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி அதில் எங்கும் இல்லை. வீடியோவில் முதல் பாதியை மட்டும் காட்டிவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இன்னொரு ஆய்வு இருக்கிறது. அது உங்கள் அம்மா சாப்பிடும் அதே லெட்ரோசோலைப் பற்றியது. முன்பு சொன்ன மெல்போர்ன் குழுதான் 2010-ல் செய்தது. எலியின் மார்பக ஸ்டெம் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே கிடையாது. ஏற்பி இல்லாத செல்லுக்கு ஈஸ்ட்ரோஜன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் சினைப்பையை எடுத்துவிட்டால் ஸ்டெம் செல்கள் வெகுவாகக் குறைந்தன. ஹார்மோன் கொடுத்தால் அவற்றின் செயல்பாடு கூடியது. சினையான எலிகளில் பதினொரு மடங்கு பெருகின. மூன்று வாரம் லெட்ரோசோல் கொடுத்ததுமே அவற்றின் கையிருப்பு குறைந்துவிட்டது.

எப்படி? ஏற்பி ஸ்டெம் செல்லிடம் இல்லை, அக்கம்பக்கத்துச் செல்களிடம் இருக்கிறது. ஹார்மோன் செய்தி முதலில் அவற்றுக்குத்தான் வருகிறது. அவை ராங்க்-எல் போன்ற வேறு செய்திகளாக மாற்றி ஸ்டெம் செல்லிடம் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. லெட்ரோசோல் மாதவிடாய் நின்ற பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை அடைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்கு வரும் தபாலே நின்றால் அவர்கள் எதை எடுத்துச் சொல்வார்கள்? அம்மா தினமும் விழுங்கும் அந்தச் சின்ன மாத்திரை, ஸ்டெம் செல்லைச் சுற்றி நடக்கும் பேச்சில் ஒரு முக்கியமான இழையை ஏற்கனவே அறுத்துக்கொண்டிருக்கிறது.

இது எலியின் இயல்பான மார்பில் பார்த்தது, மனிதரின் புற்றுநோய்க் கட்டியில் அல்ல. மான்செஸ்டர் ஆய்வும் ஆய்வகத்தில் பார்த்ததுதான். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்போது எதை வைத்து முடிவெடுப்பது? உயிரோடு வாழும் பெண்களின் கணக்கை வைத்துத்தான். ஆக்ஸ்ஃபோர்டில் உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் நோயில் ஐந்து வருடம் டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களுக்கு முதல் ஐந்து வருடத்தில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாத்திரையை முடித்த பிறகும், அடுத்த ஐந்து வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தது. லெட்ரோசோல் வகை மாத்திரைகள் அதைவிடக் கொஞ்சம் மேல். ஐந்து வருடம் சாப்பிட்டால், ஹார்மோன் சிகிச்சையே எடுக்காதவர்களோடு ஒப்பிடும்போது, பத்து வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று 2015-ல் கணக்கிட்டார்கள்.

ஸ்டெம் செல் உண்மையிலேயே ஹார்மோன் மாத்திரையால் கொழுத்து வளர்கிறது என்றால் இந்த எண்கள் தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் 8,769 பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சொன்னபடி முழுக் காலமும் ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. இடையில் விட்டவர்களிடமும் ஒழுங்கில்லாமல் சாப்பிட்டவர்களிடமும் இறப்பு கூடுதலாக இருந்தது. என் அனுபவத்திலும் பார்க்கிறேன். கீமோவை அவ்வளவு தைரியமாகத் தாண்டி வந்த பெண்கள், வலி என்று சொல்லவும் கூச்சப்பட்டு, மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஈ.ஆர். பாசிட்டிவ் நோய்க்குத் தாமதமாகத் திரும்பும் குணம் உண்டு. ஐந்து வருடம் ஹார்மோன் சிகிச்சை முடித்த 62,923 பெண்களின் விவரங்களை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், ஐந்தாம் வருடத்திலிருந்து இருபதாம் வருடம் வரை அந்த வாய்ப்பு ஒரே சீராகத் தொடர்ந்தது. ஆரம்பத்தில் கட்டியின் அளவும் நெறிக்கட்டிகளின் எண்ணிக்கையும் எப்படி என்பதைப் பொறுத்து அது மிகவும் மாறும். எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் செல்கள்தான் காரணம் என்று கருதுகிறோம். ஸ்டெம் செல் கருத்து அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்துவது இங்கேதான். இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஐந்து வருடத்துக்குப் பிறகும் மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டர் பேசும்போது, அவர் ஏன் அதைக் கேட்கிறார் என்று புரிவதற்காகச் சொல்கிறேன். நெறிக்கட்டியில் நோய் இருந்தவர்களிடம் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்.

இந்தப் பாதைகளைப் பற்றிய ஆராய்ச்சியெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஹெர்-2 பாசிட்டிவ் நோயில் ஸ்டெம் செல்களைப் பெருக்குவதில் ஹெர்-2-வுக்கே பங்கு இருப்பது தெரிந்தது. அதைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் 1998-லேயே வந்து, எத்தனையோ பெண்களின் வாழ்க்கையை மாற்றிவிட்டது. பி.ஐ.3கே பாதையில் மரபணு மாற்றம் இருந்து நோய் பரவிய பெண்களுக்கு அல்பெலிசிப் 2019-ல் வந்தது. காமா-செக்ரட்டேஸைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்றான நிரோகசெஸ்டாட், டெஸ்மாய்டு என்ற வேறு வகைக் கட்டிக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கதவுகள் மெதுவாகத் திறக்கின்றன. உங்கள் அம்மாவின் நோய் இப்போது அடங்கி இருக்கிறது, ஹெர்-2 நெகட்டிவ். இந்த மருந்துகள் எதுவும் இப்போதைக்கு அவருக்குத் தேவையில்லை.

ரத்தப் பரிசோதனை விஷயம். சி.டி.44 நம் வெள்ளை அணுக்களிலும் இருக்கிறது, ஆரோக்கியமான பல செல்களிலும் இருக்கிறது. ஏ.எல்.டி.எச்.1 என்ற இன்னொரு அடையாளமும் ஆய்வகத்தில் பயன்படுவதுதான். மேலே சொன்னதுபோல் செல் நிலை மாறிக்கொண்டே இருக்கும்போது, இன்றைக்கு எடுத்த எண் நாளைக்குப் பொருந்தாது. அந்த எண்ணை வைத்து எந்தச் சிகிச்சையையும் மாற்ற முடியாது. மருத்துவ வழிகாட்டு நெறிகள் எதிலும் அப்படி ஒரு பரிசோதனை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம், குறித்த தேதியில் டாக்டரின் நேரடிப் பரிசோதனை, புதிதாக விடாத எலும்பு வலி, மூச்சுத்திணறல், எடை இறக்கம் வந்தால் தாமதிக்காமல் காட்டுவது. இவை போதும்.

கேப்சூலில் மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்த்திருப்பார்கள், இப்படிப்பட்டவை பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. குர்குமின் கிண்ணத்தில் ஸ்டெம் செல்களைக் குறைத்தது நிஜம். சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே ஏறும், அதைக் கூட்டத்தான் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். நெதர்லாந்தில் 2019-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு குர்குமின் கொடுத்ததும் அந்த மருந்தின் செயல்படும் வடிவம் ரத்தத்தில் குறைந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. அம்மா சாப்பிடுவது டமாக்சிஃபென் இல்லை, ஆனாலும் இயற்கைப் பொருள் என்பதால் மருந்தோடு மோதாது என்று நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். குர்குமின் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளும் ரசத்தில் போடும் மிளகும் வேறு. அவற்றை எப்போதும்போல் சாப்பிடட்டும்.

இப்போது மூட்டு வலி. அம்மா மாத்திரையை விட நினைப்பதற்கு வீடியோவைவிட இதுதான் பெரிய காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் வலி இது, லெட்ரோசோல் சாப்பிடும் பெண்களில் நிறையப் பேருக்கு உண்டு. காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாமல் இருப்பார், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். வயதாகிவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவரை விட்டுவிடாதீர்கள். 2015-ல் அமெரிக்காவில் இதே வகை மாத்திரை சாப்பிட்டு மூட்டு வலியோடு இருந்த 121 பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு வருடம் வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சியும், வாரத்துக்கு மொத்தம் இரண்டரை மணி நேரம் வேக நடையும் செய்தவர்களுக்கு மிக மோசமான வலி கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைந்தது. உங்கள் ஊரில் ஜிம் வேண்டாம். விடியற்காலையில் நடக்கட்டும், வீட்டிலேயே தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கட்டும். அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கையில் வீக்கம் இருந்தால் மட்டும் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுத் தொடங்குங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். சில வாரம் இடைவெளி விட்டு அனஸ்ட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேனுக்கு மாற்றலாம். பெயரில்தான் அக்கா தங்கை, ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. நரம்பு வலிக்குக் கொடுக்கும் டுலோக்செட்டின் சிலருக்கு உதவுகிறது. எதுவும் சரிப்படாவிட்டால் டமாக்சிஃபென் இருக்கிறது. ஒரு மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு டாக்டர் சொல்லி மாறுவதில் தவறே இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இந்த மாத்திரை எலும்பையும் மெலிய வைக்கும். டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேன் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று ஃபைலைப் பாருங்கள். எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தால் அடுத்த முறை கேளுங்கள், வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கனவே அந்தக் கேப்சூலை வாங்கியிருந்தால் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். அம்மா அதில் எத்தனை சாப்பிட்டார், லெட்ரோசோலை எத்தனை நாள் விட்டார் என்பதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்லட்டும். நடுவில் சில நாள் விட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை. விட்டதற்குச் சேர்த்து இரண்டாக விழுங்க வேண்டாம், இன்றிரவு ஒன்று போட்டுக்கொண்டு தொடரட்டும்.